மேடையில் எனக்கு ஒரு நாற்காலி

செஞ்சி
6 ஜூலை 2025

அன்புள்ள எழிலுக்கு,

நான் தாலியை அடகு வைக்கவில்லை. உன் நைனாவை ஜாமீனில் எடுப்பதற்காகத் தாலிச் சங்கிலியைக் கழற்றி அடகுக் கடையில் கொடுத்தேன் என்று நீ சென்னையில் மேடையேறிச் சொல்லியிருக்கிறாய். அது இப்போது எல்லோருடைய போனிலும் ஓடுகிறது. காந்தி பஜாரில் பூ விற்கிற பெண் என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிடுகிறாள். "நர்ஸம்மா, உங்க கதையைப் பார்த்துட்டு எங்க வூட்ல எல்லாரும் அழுதுட்டோம்" என்கிறாள். இந்த ஊரில் பாதிப் பேரை நான் ஊசி போட்டு அழவைத்திருக்கிறேன். பொய் சொல்லி யாரையும் அழவைத்ததில்லை.

உன் ஆட்கள் நேற்று வந்து வாசலில் ஒரு பேனர் கட்டினார்கள். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. விமல்ராஜ். என் படத்துக்குக் கீழே 'செஞ்சியின் தாய்' என்று போட்டிருக்கிறது. எனக்கு நீ ஒருவன்தான் பிள்ளை. அந்தப் பேனர் முன்பக்க ஜன்னலை முழுக்க மூடிவிட்டது. பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு, என் முகத்தின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். வெளியே போனால் செல்ஃபி கேட்கிறார்கள். மூட்டு வலியோடு எவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு நிற்பது?

நீ விமல்ராஜோடு சேர்ந்ததை நான் குறை சொல்லவில்லை. போன தேர்தலில் திறந்த வேனில் நின்று, "இவரு கல்லை முழுங்கிட்டு அடுத்து மலையைக் கேக்கறாரு" என்று அவரையே கிண்டல் செய்தவன் நீ. இன்றைக்கு அவர் கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாய். ஒரு நல்ல காரியத்துக்காக எதிராளியோடு சேரலாம். பேச்சுவார்த்தையே இல்லாத டாக்டரோடும் சேர்ந்துதான் நான் பிரசவம் பார்த்திருக்கிறேன். ஜாமீன் கிடைத்தும் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் சிறையில் கிடப்பவர்களை வெளியே விடச் சட்டம் வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம். பக்கத்து வீட்டுச் சுவாதியின் புருஷன் தனகோட்டி அப்படித்தான் கிடக்கிறான். அதற்கு என் கழுத்து எதற்கு?

தாலிக் கதை உண்மையில்லை என்று நீயே சொல். பேனரைக் கழற்றச் சொல். போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். போனில் நீ என்னைச் சிரிக்கவைத்துவிட்டு வைத்துவிடுகிறாய். எழுது.

உன் அம்மா,
மீனம்பாள் ராஜாங்கம்

*

சென்னை
11 ஜூலை 2025

அன்புள்ள அம்மா,

கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிவிட்டது. வீட்டில் நல்ல பேனா ஒன்றுகூட இல்லை. ஆட்டோகிராஃப் போடுகிற தடிப் பேனாவில் எழுதினால் நீங்கள் திருப்பி அனுப்பிவிடுவீர்கள் என்று கடைக்குப் போய் வாங்கிவந்தேன்.

தாலி விஷயம் நான் கட்டிச் சொன்னது இல்லை. நான் பார்த்தேன். எனக்கு அப்போது ஆறு வயது. நைனா உள்ளே இருக்கிறார். அன்றைக்கு அவரை அழைத்துவரப் போகிறேன் என்று சொல்லி, எனக்குத் தலை சீவிவிட்டுப் போனீர்கள். மத்தியானம் தனியாகத் திரும்பி வந்தீர்கள். கழுத்தில் சங்கிலி இல்லை, மஞ்சள் கயிறுதான் இருந்தது. அடுப்பு மூட்டவில்லை. ஆறு வயதுப் பையன் வேறு என்ன நினைப்பான்? சங்கிலியையும் கொடுத்து, ஆளும் வரவில்லை என்று நினைத்தேன். நாற்பது வருடமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் ஆதவன் என்ற காமெடி நடிகனாக இருக்கலாம். அதைச் சொன்னபோது மேடையில் நான் நடிக்கவில்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். எங்கள் குழுவில் நான், ஒரு பாடகி, ஒரு கிரிக்கெட் வீரர். எதிர்க்கட்சி எங்கள் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டது. ஆனால் மசோதா ஆளுங்கட்சிக் கமிட்டியைத் தாண்டவேண்டும், அந்தக் கமிட்டியில் விமல்ராஜ் இருக்கிறார். அவர் இல்லாவிட்டால் இது வெறும் மேடைப் பேச்சு. அவர் இருந்தால் சட்டம்.

ஆகஸ்ட் 10 ஞாயிற்றுக்கிழமை செஞ்சியில் கூட்டம். நீங்கள் வந்து உட்கார்ந்து, அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினால் போதும். பேசக்கூட வேண்டாம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நைனா மேல் அந்தக் காலத்தில் புகார் கொடுத்தது யார் என்பது மேடையில் வரவேண்டாமாம். "வறுமைதான் வில்லன்னு வெச்சுக்கலாமே சார்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பேனருக்குச் சொல்லிவிட்டேன்.

உங்கள்
எழில்

*

செஞ்சி
16 ஜூலை 2025

அன்புள்ள எழிலுக்கு,

சங்கிலி அந்த வாரம் அறுந்துபோய்விட்டது. பற்றவைக்க ஆசாரியிடம் கொடுத்திருந்தேன். தாலி என் கழுத்திலேயே கயிற்றில் இருந்தது. நீ அன்றைக்கே என்னைக் கேட்டிருக்கலாம்.

வில்லன் வறுமை இல்லை. வில்லனுக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் நீ கூட்டம் நடத்தப்போகும் கல்யாண மண்டபத்தின் முகப்பிலேயே பெரிதாக எழுதியிருக்கிறது. பச்சைமுத்து திருமண மண்டபம். விமல்ராஜின் செத்துப்போன அப்பா. கூட்டம் வைத்திருக்கும் ஆகஸ்ட் 10 அவருடைய பிறந்தநாள். ஊரே கஞ்சி ஊற்றிக் கொண்டாடுகிற நாள். இது உனக்குத் தெரியாதா, தெரிந்தும் எழுதவில்லையா என்று நான் கேட்கப்போவதில்லை.

உன் நைனா பச்சைமுத்துவின் கல்குவாரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வெடி வைத்தபோது கல் சுமக்கிற பெண் ஒருத்தி செத்துப்போனாள். மாரடைப்பு என்று சொல்லிப் புதைத்துவிட்டார்கள். உன் நைனா கலெக்டருக்கு மனு எழுதினார். கல் உடைக்கிற கன்னியப்பனும் வீராசாமியும் அதில் கைநாட்டு வைத்தார்கள். அடுத்த வாரமே குவாரிக் கிடங்கில் பாறைக்கு வைக்கும் தோட்டாவைக் காணோம் என்று பச்சைமுத்து மூன்று பேர் மேலும் புகார் கொடுத்தார். மூவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இதெல்லாம் உனக்கு அரைகுறையாகத் தெரியும். தெரியாததை இப்போது எழுதுகிறேன்.

மூவருக்கும் ஜாமீன் கிடைத்தது. ஆளுக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும். ஒருவர் ரத்த சொந்தமாக இருக்கவேண்டும், இன்னொருவர் வீட்டுவரி ரசீது காட்டவேண்டும். உன் நைனாவுக்குத் தொண்டூரிலிருந்து அவர் அண்ணன் வந்தார். வீடு என் பெயரில் இருந்ததால் இரண்டாவது கையெழுத்தை நான் போட்டேன். மற்ற இருவருக்கும் அப்படி யாரும் இல்லை. நான் அரசாங்க உடுப்பில் இருந்தவள். ஒருவருக்கு மேல் போடமுடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

உனக்குத் தலை சீவிவிட்டுச் சிறை வாசலுக்குப் போனேன். உள்ளே அவர் ஜாமீன் பத்திரத்தில் தன் பங்குக் கையெழுத்தைப் போட மறுத்துவிட்டார். ஒரு காவலர் வெளியே வந்து சொன்னார். "மூணு பேராத்தான் வந்தாங்களாம், மூணு பேராத்தான் வருவாங்களாம். உங்களை வூட்டுக்குப் போகச் சொல்றாரு." வழக்கு முடிந்து மூவரும் குற்றமில்லை என்று விடுதலையானபோதுதான் வந்தார். இருமிக்கொண்டே வந்தார். அந்த இருமல் அவரை விடவே இல்லை.

ஆகவே என் புருஷன் பணமில்லாமல் உள்ளே கிடந்தவர் இல்லை. வெளியே வர முடிந்தும் வராதவர். அவரை உள்ளே தள்ளியவரின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, அவர் மகனுக்கு நான் பொன்னாடை போர்த்தமாட்டேன்.

அம்மா

*

சென்னை
21 ஜூலை 2025

அம்மா,

உங்கள் கடிதத்தைப் படப்பிடிப்பில் படித்தேன். அடுத்த காட்சியில் நான் வாழைப்பழத்தோலில் வழுக்கி விழவேண்டும். மூன்று முறை விழுந்தும் சரியாக வரவில்லை.

நைனா வர முடிந்தும் வரவில்லை என்று இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. இது பெரிய விஷயம் என்று தெரிகிறது. பெருமைப்படவேண்டும் என்றும் தெரிகிறது. ஆனால் நான் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்த பையன். கன்னியப்பனையும் வீராசாமியையும் நினைத்தவர் என்னை நினைக்கவில்லையா? இதை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், எழுதியதை அடித்துவிடவில்லை.

மண்டபம் அவர்களுடையது என்று எனக்குத் தெரியும். பிறந்தநாள் என்பது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தேதியை அவர்கள் கொடுத்தார்கள், எனக்குப் படப்பிடிப்பு இல்லாத நாள், சரி என்றேன்.

இதைவிட நல்ல கதை இல்லை, அம்மா. தாலிக் கதையைவிட நூறு மடங்கு பெரியது. ஆனால் சொல்ல முடியாது. நைனா வெளியே வர மறுத்தார் என்று நான் சொன்னால், ஏன் உள்ளே போனார் என்று கேட்பார்கள். அதைச் சொன்னால், புகார் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். விமல்ராஜின் பெயர் அதிலிருந்து மூன்றாவது வரியில் வந்துவிடும். போன மாதம் நாங்கள் சிறைக்குப் போய்ப் பார்த்தோம். ஒரு பையன் என்னிடம் செல்ஃபி கேட்கவில்லை. "சார், உங்களுக்குச் சொந்த வூடு இருக்குதா?" என்று கேட்டான். ஜாமீனுக்கு. அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

விமல்ராஜ் உங்களை வந்து பார்க்கவேண்டும் என்றார். அமாவாசையன்று வருவார். வரச் சொல்லிவிட்டேன். தயவுசெய்து காப்பி கொடுங்கள். சண்டை வேண்டாம்.

எழில்

*

செஞ்சி
27 ஜூலை 2025

அன்புள்ள எழிலுக்கு,

என் வீட்டுக்கு யார் வரலாம் என்று நீ சென்னையிலிருந்து முடிவு செய்தது தவறு. காப்பி கொடுத்தேன்.

பேனரை உன் ஆட்கள் மேலே ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஜன்னலில் வெளிச்சம் வருகிறது. வென்டிலேட்டரை மறைத்துவிட்டதால் இப்போது காற்று நின்றுவிட்டது.

அவர் ஆடி அமாவாசையன்று வந்தார். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்களால் ரோடே அடைத்துக் கிடந்ததால், காரைத் தூரத்திலேயே விட்டுவிட்டு வேர்க்க வேர்க்க நடந்துவந்தார். கூட ஆள் இல்லை. ஐம்பது வயது இருக்கும்.

"உட்காருங்க" என்றேன்.

"நீங்க உட்காருங்கம்மா மொதல்ல."

"இது என் வீடு. எப்போ உட்காரணும்னு எனக்குத் தெரியும்."

உட்கார்ந்தார். காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார். சுகர் இருக்குதாம். எவ்வளவு என்று கேட்டேன், இருநூற்று நாற்பது என்றார். மாத்திரை போடுகிறீர்களா என்றால், "டென்ஷன்ல மறந்துடறேம்மா" என்கிறார். சட்டம் போடப் போகிற ஆள்! அவரைத் திட்டுவதற்கு இது ஒன்றுதான் எனக்கு வாய்த்தது. ஏனென்றால், அடுத்து அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"எங்க நைனா செஞ்சது எனக்குத் தெரியும்மா. அந்தத் தோட்டா எங்க போச்சுன்னும் தெரியும். எங்கயும் போகல. கிடங்குலயேதான் இருந்துச்சு."

நான் மேஜை விசிறியை அவர் பக்கம் திருப்பினேன்.

"மேடையில மட்டும் வேணாம்மா. எங்க கட்சியில நைனா பேரு சாமி மாதிரி. அது கெட்டுதுன்னா மறுநாளே என்னைக் கமிட்டியில இருந்து தூக்கிடுவாங்க. அப்புறம் இந்த மசோதாவை யாரு தொடுவா?"

"மிரட்டறீங்களா?"

"இல்லம்மா. கெஞ்சறேன்."

மிரட்டலுக்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். கெஞ்சலைக் கேட்டதும் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அதற்குள் சுவாதி கைக்குழந்தையோடு சமையலறை வழியாக வந்து நின்றாள். அவளை உனக்குத் தெரியாது. அனந்தபுரத்துப் பெண். புருஷன் தனகோட்டி டெம்போ ஓட்டுபவன். வாடகைக்கு ஏற்றிய பைக்குகள் திருட்டுப் பைக்குகள் என்று உள்ளே வைத்திருக்கிறார்கள். ஜாமீன் உண்டு. ஆனால் அவன் அநாதையாக வளர்ந்தவன், ரத்த சொந்தத்துக்கு எங்கே போவான்?

"சார், சட்டம் வர்றப்போ வரட்டும். எம் புருஷனை மட்டுமாவது இப்போ எடுத்துக் குடுங்க சார்" என்றாள்.

அவர் உடனே, "எங்க வக்கீலை விட்டு அந்தக் கண்டிஷனை மாத்தச் சொல்றேம்மா. ரெண்டு ஆளையும் நானே தர்றேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் இல்லை.

அவர் போன பிறகு சுவாதியிடம் சொன்னேன். "அவர் கையால வாங்கிட்டோம்னா அப்புறம் நமக்கு வாய் இருக்காதும்மா. உள்ளே இன்னும் எத்தனை பேர் கிடக்கறாங்க? என் வீட்டுக்காரர் மத்தவங்களை விட்டுட்டு வரலை, தெரியுமா?"

அவள் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வாய் உங்களுக்கு வேணும், நர்ஸம்மா. எனக்கு இன்னாத்துக்கு? எனக்குப் புருஷன் வேணும். உங்க வூட்டுக்காரரு பெரிய மனுஷன், நான் இல்லன்னு சொல்லல. அவரு உள்ள கெத்தா இருந்தாரு. வெளிய யாரு இருந்தது? நைட் டூட்டியும் பார்த்துக்கினு, புள்ளையும் பார்த்துக்கினு நீங்கதானே இருந்தீங்க? உங்களை ஒரு வார்த்தை கேட்டாரா?"

என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. போ வெளியே என்றேன். போனாள். அன்றைக்கு முழுவதும் அவள் குழந்தை அழுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

இல்லை, அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சரி என்றே சொல்லியிருப்பேன். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சுவாதி நாளைக்குள் வக்கீலுக்குப் பதில் சொல்லவேண்டும். என்னிடம் கேட்காமல் போகமாட்டேன் என்று, திட்டு வாங்கிய பிறகும், வாசலில் வந்து நின்றாள். நான் என்ன சொல்வது? கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் நானே ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனாலும் நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியவேண்டும்.

அம்மா

*

சென்னை
31 ஜூலை 2025

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் வந்த அன்றே விமல்ராஜும் போன் செய்தார். தனகோட்டி வெளியே வந்துவிட்டாராமே! "அம்மா ஒத்துக்கிட்டாங்க சார், தங்கமானவங்க" என்று ஒரே சந்தோஷம். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. நீங்கள் எதையும் கெடுக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது. ஒன்று இதனுடன் வைத்திருக்கிறேன். உங்களுக்கு நடு நாற்காலி. மூட்டு வலிக்குக் குஷன் போடச் சொல்லியிருக்கிறேன். விமல்ராஜ் அப்பாவின் படத்துக்கு மாலை போட்ட பிறகுதான் நீங்கள் மேடைக்கு வருகிறீர்கள், அதைப் பேசி வாங்கிவிட்டேன். தாலியை என் பேச்சிலிருந்து எடுத்துவிட்டேன். 'என் தாய் பட்ட பாடு' என்று மட்டும் வரும். பாடகியும் கிரிக்கெட் வீரரும் உங்கள் காலில் விழுந்து கும்பிடவேண்டும் என்கிறார்கள். டிவி எல்லாம் வருகிறது.

நைனாவைப் பற்றி என்ன சொல்வது என்பதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். மேடையில் ஏறினால் எனக்குத் தானாக வரும். காலையில் கார் அனுப்புகிறேன்.

எழில்

*

செஞ்சி
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள எழிலுக்கு,

நான் ஒத்துக்கொண்டது உண்மை. எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று நீ கேட்கவில்லை. என் கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. அதற்கும் பதில் இல்லை.

"போய் அவர் வக்கீலைப் பார்" என்று சுவாதியிடம் சொன்னது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. தனகோட்டி வந்துவிட்டான். முதல் நாள் என் வீட்டில்தான் சாப்பாடு. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சிறை வரிசையில் முன்னால் யாரோ நிற்பதுபோல் இடைவெளி விட்டு நின்றான். சுவாதி அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். சாப்பிட்டுவிட்டு, உள்ளே தன் பக்கத்தில் படுத்திருந்த ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னான். அவருக்கும் ஜாமீன் கிடைத்திருக்கிறதாம். கையெழுத்துப் போட ஆள் இல்லையாம். "அவரு என்னைப் பார்த்துப் போய்ட்டு வான்னு சொல்லல, நர்ஸம்மா. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினாரு" என்றான். உன் நைனா எதைப் பார்க்கச் சகிக்காமல் உள்ளேயே இருந்தாரோ, அதை நான் இப்போது என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஆனாலும் சுவாதி சிரித்ததைப் பார்த்தேன். இரண்டில் எதையும் என்னால் இல்லையென்று சொல்லமுடியாது.

ஆகவே வருகிறேன். குஷன் வேண்டாம். யாரும் என் காலில் விழக்கூடாது. பச்சைமுத்து படத்துக்குக் கீழே உட்காருகிறேன், பொன்னாடையும் போர்த்துகிறேன். விமல்ராஜ் சொன்னதைச் செய்தார், நானும் செய்யவேண்டும். மேடையில் நான் வாய் திறக்கமாட்டேன். அந்த உரிமையை நானே விட்டுக்கொடுத்துவிட்டேன்.

நீ விட்டுக்கொடுத்தாயா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் அவருக்கும் என்ன பேச்சு என்பதை நீ இதுவரை முழுதாக எழுதவில்லை. ராஜாங்கம், கன்னியப்பன், வீராசாமி மூன்று பேரும் பொய்ப் புகாரில் உள்ளே போனவர்கள், மற்ற இருவரை விட்டு உன் நைனா வர மறுத்தார் என்று உன்னால் சொல்லமுடியும். சொன்னால் மசோதா விழலாம், அந்தக் கிழவர் சுவரைப் பார்த்தபடியே கிடப்பார். சொல்லாவிட்டால் உன் நைனா, கையெழுத்துக்கு ஆள் இல்லாமல் கிடந்த ஏழை என்று நிலைத்துவிடும். நான் கையெழுத்துப் போட்டதும், அவர் போட மறுத்ததும் நடக்காததாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வழி இருக்கிறதா என்று ஒரு வாரமாகப் பார்க்கிறேன். எனக்குத் தெரியவில்லை. எதைச் செய் என்று உனக்கு நான் சொல்லவும் போவதில்லை. நீ எதைச் செய்தாலும் நான் அந்த நாற்காலியில் இருப்பேன்.

ஆனால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதாதே. உன் நைனா என்ன முடிவு செய்தார் என்பதை, வாசலில் நின்று, யாரோ ஒரு காவலர் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். டிவிக்காரர்கள் என் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, உன் முடிவை மைக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ள நான் தயாராக இல்லை.

சொல்வாயா, மாட்டாயா? ஒரு வரி போதும். வெள்ளிக்கிழமைக்குள் என் கைக்கு வரும்படி எழுதி அனுப்பு.

அம்மா